வெண்வரி

மொட்டைவாலியின் முதுகில் வரிமானியை வைத்தபோது திரையில் 1.8 என்று வந்தது. குருவம்மாள் கருவியைத் துடைத்து, பசையை மறுபடி தடவி, கடைசி விலாவுக்கு நேராக இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அதே எண். பிறந்த வாரத்திலேயே கூடப்பிறந்த குட்டியிடம் வாலைக் கடிகொடுத்துவிட்ட அந்தக் கருப்புத் தாய்ப்பன்றி, முதுகில் நடப்பதைப் பொருட்படுத்தாமல் தொட்டிக்குள் முகத்தை விட்டுத் தின்றுகொண்டிருந்தது.

"மகளுக்கு எவ்வளவுக்கா?" என்று தீவன வண்டியை ஓட்டிவந்த கொம்பையா கேட்டான்.

"ஒண்ணு எட்டு."

"அதோட ஆத்தாளுக்கு நாலு இருந்துச்சே. தின்னத் தின்னக் கொழுப்பு கொறையிற பன்னியை உன்னாலதான் வளக்க முடியும்."

"கொழுப்பு எங்க கொறைஞ்சுது? முதுகுல நாலு வெரக்கடை நிக்கி. கறிக்குள்ளதான் ஏறமாட்டேங்கு."

"எனக்கு அப்படியே மாத்தி. மண்டைக்குள்ள மட்டும்தான் ஏறியிருக்குன்னு என் பொண்டாட்டி சொல்லுதா."

குருவம்மாள் சிரிக்கவில்லை. எண்ணை மறுபடியும் பார்த்துவிட்டு அடுத்த கொட்டடிக்குப் போனாள். அங்கே 2.1. அதற்கடுத்து 1.6.

பத்து வருடங்களுக்கு முன்பு வந்த காய்ச்சலில் நாட்டிலிருந்த வெள்ளைப் பன்றிப் பண்ணைகள் ஒரே பருவத்தில் காலியாகின. தெருவில் அலைந்த கருப்பு நாட்டுப் பன்றிகளில் பாதி பிழைத்தன. வேறு வழியில்லாமல் அவற்றின் இறைச்சியைச் சமைத்தவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். தோலுக்கடியில் படியும் கொழுப்பு எல்லாப் பன்றிக்கும் உண்டு. சில நாட்டுப் பன்றிகளுக்கோ தசைக்குள்ளேயே, இழை இழையாக, வெண்ணிறக் கோடுகள் ஓடின. அடுப்பில் வைத்ததும் அந்தக் கோடுகள் உருகிக் கறிக்குள்ளேயே இறங்கின. நூறு கிராம் தசையில் இந்தக் கொழுப்பு எத்தனை கிராம் என்பதை 'வரி' என்றார்கள். பன்றி உயிரோடு இருக்கும்போதே ஒலியலையால் அதை அளக்கும் கருவிக்கு வரிமானி என்று பெயர் வந்தது. இறைச்சிக்கு வெண்வரி என்று பெயரிட்டு விற்றார்கள். பன்றி என்ற சொல்லை வாயில் எடுக்காத வீடுகளிலும் வெண்வரி சாப்பிட்டார்கள். பெருநகரத்து வரவேற்பு விருந்துகளுக்கு அழைப்பிதழிலேயே 'எட்டு வரி' என்று அச்சடிக்கும் பழக்கம் வந்தது.

எட்டு வரி எல்லா நாட்டுப் பன்றியிலும் வராது. கரிசல் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் ஓரத்தில், பன்றி வளர்ப்பவர்களின் காலனியில், இடது காதில் இரண்டு வெட்டு இருந்த நாற்பது பன்றிகளில் மட்டும் வந்தது. அந்த நாற்பதிலிருந்து பெருகியதுதான் இந்தத் தாய்ப்பண்ணை. பண்ணையின் பதிவேட்டில் அந்த வம்சத்துக்கு 'இரட்டை வெட்டுக் குலம்' என்று பெயர். காலனியின் மற்ற பன்றிகளையும், பிற ஊர்த் தெருக்களில் அலைந்தவற்றையும், நகரச் சுத்தம் என்று சொல்லிப் பிடித்துப் போய்விட்டார்கள். இன்று உயிரோடு இருக்கும் கருப்புப் பன்றி என்றால் இந்தப் பண்ணையின் முந்நூற்று நாற்பது தாய்களும் அவற்றின் குட்டிகளும்தான்.

குருவம்மாள் அந்தக் காலனிக்காரி. பன்றிகளோடு அவளையும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆறு வருடங்களாக அவள்தான் தாய்க் கொட்டடிகளுக்குப் பொறுப்பு. ஆறு வருடங்களில் நான்கு தலைமுறை. வரி எட்டிலிருந்து ஆறாகி, நான்காகி, இப்போது இரண்டுக்கே வந்துவிட்டது.

அன்று மதியம் மேலாளர் சேர்மத்துரை அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதுக்காரர், தென்காசிப் பக்கம். கெட்ட செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்வது அவர் வழக்கம்.

"உக்காருங்கக்கா."

"நிக்கேன் தம்பி. சொல்லுங்க."

"திங்கக்கிழமை கழிப்பு. அறுத்துக் கழிக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு வந்திருச்சு."

"எந்தக் கொட்டடி?"

"எல்லாந்தான்."

குருவம்மாள் உட்கார்ந்தாள்.

நிறுவனம் கலத்தசைக்கு மாறுவதாக அவர் சொன்னார். எட்டு வரி இருந்த காலத்துப் பன்றியின் உயிரணுக்களை உறையவைத்திருக்கிறார்கள். இனி கலத்தில் ஊறவைத்தே தசையை வளர்ப்பார்கள். சுவை கொஞ்சம் குறைவுதான். ஆனால் இரண்டு வரிக்கு இவ்வளவு தீவனம் போட முடியாது. அவளுக்கு வேலை போகாது, கலக்கூடத்தில் இடம் இருக்கிறது.

"சினையா இருக்கதுமா?"

"அதுவுந்தான்க்கா."

"மொட்டைவாலி சினை. நாப்பது நாளு ஆகுது."

சேர்மத்துரை மேசையைப் பார்த்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். அது பொய்யில்லை.

வெளியே வந்தபோது மரபணு ஆய்வுக்கூடத்தின் படியில் டாக்டர் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்காரி. நாற்பது வயதுக்குள் தலை பாதி நரைத்துவிட்டது. ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஆய்வு மாணவியாக, குளிர்ப்பெட்டியும் இடுக்கியுமாகக் காலனிக்கு வந்து ஒவ்வொரு பன்றியின் காதிலும் ஒரு பொட்டுத் தசையை எடுத்துப் போனவள் அவள்தான். இரட்டை வெட்டுக் குலத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"கேள்விப்பட்டீங்களாக்கா?"

"இப்பந்தான் சொன்னாரு."

"எனக்குப் புரியவே இல்லைக்கா. வரியைத் தர்ற மரபணு அப்படியேதான் இருக்கு. நாலு தலைமுறையா ஒரு எழுத்துகூட மாறலை. அசல் இரட்டை வெட்டு ரத்தம். பின்ன ஏன் வரி வரமாட்டேங்குது?"

"ரத்தமா?" என்றாள் குருவம்மாள்.

"ஆமா. உங்க இரட்டை வெட்டுக் குலம்."

"அது குலம் இல்லையே மேடம். எங்க வீட்டு வெட்டுல்லா."

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

குருவம்மாளுக்கு இது விளக்க வேண்டிய விஷயமாகவே ஒருநாளும் தோன்றியதில்லை. காலனியில் பன்றிகள் பகல் முழுக்க ஊர்மேயும். பொழுதிறங்கும்போது யார் வீட்டுக் கஞ்சித்தொட்டிக்கு எது வர வேண்டும் என்று தெரிய, வீட்டுக்கு ஒரு காதுவெட்டு. கங்காணி வீட்டுக்கு வலது காதில் ஒன்று. மாரியப்பன் வீட்டுக்கு நுனி வெட்டு. குருவம்மாளின் அம்மா வீட்டுக்கு இடது காதில் இரண்டு.

"குட்டி பிறந்ததும் ஆத்தாளோட வெட்டைத்தானே போடுவீங்க?"

"நம்ம வீட்டுலயே கெடந்தா போடுவோம். அடுத்த வீட்டுக்குக் குடுத்தா அந்த வீட்டு வெட்டு. எந்த வீட்டுக் கஞ்சி குடிக்கோ அந்த வீட்டு வெட்டு."

"உங்க வீட்டுப் பன்னி எல்லாம் ஒரே தாய் வழி இல்லையா?"

"எங்கய்யா லாரியில அடிபட்டுச் செத்த பெறகு எங்க வீட்டுல பன்னியே கெடையாது மேடம். ஒவ்வொரு வீட்டுலயும் ஈத்துல கடைசியா ஒரு குட்டி வரும் பாருங்க, நோஞ்சானா, மடி கெடைக்காம. அதை எங்கம்மாகிட்ட தூக்கிக் குடுத்துருவாக. பொழைச்சா உனக்குன்னு. அப்படிச் சேந்ததுதான் அம்புட்டும். ஒம்பது பத்து வீட்டுக் கடைக்குட்டிக."

பெனிட்டா படியிலிருந்து எழுந்தாள். பிறகு, "அதுகளுக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டாள்.

"என்ன போட? ஓட்டல் எச்சிச்சோறு எல்லாம் கங்காணி வீட்டுக்குப் பேச்சு. கல்யாண மண்டபம் மாரியப்பன் வீட்டுக்கு. எங்களுக்கு ஒண்ணும் கெடையாது. கழனித்தண்ணி ஊத்துனா அதுல பருக்கை இருக்கணும்லா. எங்களுக்கே இல்ல. சித்திரை வைகாசியில சினைப்பன்னி எல்லாம் எலும்பு தெரிய நிக்கும். கருவக்காயைப் பொறக்கிப் போடுவேன்."

"ஒன்பது வருசம் முன்னாடி நான் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே. யாரோட பன்னின்னு கேட்டீக. எங்களதுன்னு சொன்னேன்."

அது உண்மை. பெனிட்டாவின் குறிப்பேட்டில் அப்படித்தான் இருந்தது. காது வெட்டு என்ற பத்தியின் தலைப்பில் அவள் தன் கையால் 'வம்சம்' என்று எழுதியிருந்தாள்.

இரண்டு நாள் அவள் கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. உறைபெட்டியின் அடியில், மற்ற வீட்டுப் பன்றிகளிடமிருந்து எடுத்த காதுத் தசைகள் படிக்கப்படாமலே கிடந்தன. அப்போது அவற்றைப் படிக்க ஆய்வு நிதி போதவில்லை. இப்போது படித்தாள். அவள் கண்டுபிடித்ததாகப் பெயர் வாங்கிய அந்த மரபணு வடிவம் எல்லா வீட்டுப் பன்றிகளிலும் இருந்தது. கங்காணி வீட்டுக் கொழுத்த பன்றிகளிலும் இருந்தது. வேறுபாடு மரபணுவில் இல்லை, அதன் மேலெழுத்தில் இருந்தது. மரபணு ஒரு வாக்கியம் என்றால் மேலெழுத்து என்பது அதன்மேல் வாழ்க்கை போடும் அடிக்கோடும் அடித்தலும். வாக்கியம் மாறாது, வாசிப்பு மாறும். இரட்டை வெட்டு நாற்பதிலும் ஒரே இடத்தில், ஒரே விதமாக, அந்தக் குறி இருந்தது. பண்ணையின் முதல் தலைமுறையில் அது கொஞ்சம் மங்கியிருந்தது. நான்காம் தலைமுறையில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவள் கொட்டடிக்கு வந்தாள். குருவம்மாள் மொட்டைவாலியின் காதுக்குப் பின்னால் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக எதுவும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லைக்கா. அதுகளுக்குப் பொதுவா இருந்தது பசி மட்டுந்தான்."

அவள் நிதானமாக விளக்கினாள். வயிற்றில் குட்டி இருக்கும்போது தாய் பசித்துக் கிடந்தால், வெளியே சோறு கிடைக்காது என்ற செய்தி குட்டிக்குப் போகிறது. அந்தக் குட்டியின் உடம்பு கிடைக்கிற கொழுப்பைத் தோலுக்கடியில் வைக்காது. ஓடும்போது உடனே எடுக்க வசதியாகத் தசைக்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்ளும். தாய், அதன் தாய், அதற்கும் தாய் என்று மூன்று தலைமுறை பசித்திருந்தால் வரி எட்டுக்குப் போகும். நன்றாகச் சாப்பிட்டால் அதே போலப் படிப்படியாக மறக்கும்.

"மனுசருக்கும் இப்படி இருக்குமா மேடம்?"

"இருக்கும்."

"எனக்கு?"

"பாக்காமச் சொல்லக்கூடாது. இருக்கலாம். உங்க மகளுக்குக் குறைஞ்சிருக்கும். அவ பிள்ளைக்கு இருக்காது."

குருவம்மாள் கையிலிருந்த உண்ணியைத் தரையில் போட்டுத் தேய்த்தாள். "அப்பம் வரி கொறைஞ்சது நல்லதுதான மேடம்? நல்லாயிட்டு வருதுகன்னுதான அர்த்தம்?"

"ஆமாக்கா" என்றாள் பெனிட்டா.

"அதுக்கா அறுக்காக?"

மொட்டைவாலி இருவரையும் பார்த்துவிட்டு, தொட்டியில் ஒட்டியிருந்த மாவை நக்கியது.

"இதை நிர்வாகத்துக்குச் சொன்னா திங்கக்கிழமை கழிப்பை நிறுத்திருவாங்க" என்றாள் பெனிட்டா கடைசியில். "வரியைத் திரும்பக் கொண்டுவர முடியும்னு தெரிஞ்சா அறுக்கமாட்டாங்க. கலத்தசை யாருக்கும் பிடிக்கலை. ஆனா எப்படிக் கொண்டுவருவாங்கன்னும் யோசிக்கணும்."

"பட்டினி போடுவாகளா?"

"சட்டம் விடாது. பன்னிக்கு ஒரு வேளை தீவனம் நிறுத்தினாலும் உரிமம் போயிரும். மாசாமாசம் ஆய்வாளர் வர்றாரு."

"பின்ன என்ன மேடம்? சொல்லுங்க."

"அக்கா, நீங்க யோசிச்சு..."

"நாளைக்கழிச்சு இதை அறுத்துருவாகளே. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பெனிட்டா நிர்வாகத்திடம் சொன்னாள். அன்று மாலையே கழிப்பு நின்றது. சேர்மத்துரை தானே கொட்டடிக்கு நடந்துவந்து குருவம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா எல்லாம் போயிருக்கும்க்கா" என்றார். கொம்பையா அவளுக்கு வடை வாங்கிவந்தான். "பன்னிக்கு வக்கீலு" என்று அவளுக்குப் பட்டம் வைத்தான். அன்றைக்கு அவள் சிரித்தாள்.

ஐந்து வாரம் கழித்து வில்லைகள் வந்தன.

சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. சினைப்பன்றியின் கழுத்துத் தோலுக்கடியில் வைப்பதற்கு. வயிறு காலியாக இருக்கும்போது மூளைக்குப் போகிற செய்தி ஒன்று உண்டு; வில்லை அந்தச் செய்தியை மட்டும் இடைவிடாமல் சுரக்கும் என்று சேர்மத்துரை விளக்கினார். வயிற்றில் இருப்பது உடம்புக்குத் தெரியாது. பஞ்ச காலம் என்றே தாய் நினைத்துக்கொள்ளும். குட்டிக்கும் அந்தச் செய்தியே போகும்.

"தீவனத்துல ஒரு கவளம் குறைக்கமாட்டோம்க்கா. இன்னும் கூட்டத்தான் சொல்லியிருக்காங்க."

வில்லையைச் செய்த குழுவில் பெனிட்டா இல்லை. வில்லையின் வரைபடத்தை முதலில் அவளிடம்தான் காட்டியிருக்கிறார்கள், அவள் விலகிவிட்டாள். ஆனால் வேலையின் அடிப்படை அவளுடைய அறிக்கைதான், அதைத் திரும்பப் பெற வழியில்லை. பண்ணையை விட்டுப் போகும்போது கொட்டடிக்கு வந்து நின்றாள். "என் தப்புக்கா" என்றாள். "நானுந்தான சொல்லச் சொன்னேன்" என்றாள் குருவம்மாள்.

முதல் தொகுதியில் இருபது சினைப்பன்றிகள். மொட்டைவாலி அதில் ஏழாவது. ஈனுவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வில்லை வைத்த மறுநாள் காலையில் குருவம்மாள் கொட்டடிக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. பன்றிகள் தீவன நேரத்தில் கத்துவது வழக்கம்தான். தொட்டி நிறைந்ததும் அடங்கிவிடும். அன்று தொட்டிகள் நிறைந்திருந்தன. இருபதும் தின்றன, தின்றபடியே கத்தின. வாய் நிறைய மாவை வைத்துக்கொண்டு கம்பியைக் கடித்தன. மொட்டைவாலி தின்று, கக்கி, கக்கியதைத் தின்று, மறுபடி தொட்டிக்கு வந்தது. குருவம்மாளைக் கண்டதும் கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி, அவள் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தது. காலனியில் வைகாசி மாதத்துப் பன்றிகள் அப்படித்தான் இழுக்கும்.

சேர்மத்துரை பலகைக்கணினியோடு வந்தார். வில்லையின் அளவைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அசல் பசியைப் பார்த்த ஆள் பண்ணையில் அவள் ஒருத்திதான்.

"உங்க வீட்டுல பாத்த மாதிரி இருக்காக்கா? கூடவா, குறைவா?"

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அது கஞ்சி ஊத்துனா அடங்கிரும் தம்பி" என்றாள்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அளவு மாற்றப்படவில்லை.

மாதக் கடைசியில் விலங்குநல ஆய்வாளர் வந்தார். வயதானவர், நேர்மையானவர் என்று பெயர். தொட்டிகளை எட்டிப் பார்த்தார். தீவனத்தைக் கையில் அள்ளி முகர்ந்தார். பன்றிகளின் எடையைப் பார்த்து, விலாவைத் தடவி, திருப்தியாகத் தலையாட்டினார். நிர்வாகத்தை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தொழிலாளர் ஒருவரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது விதி. குருவம்மாளைக் கூப்பிட்டார்.

"பயப்படாமச் சொல்லும்மா. உம் பேரு வெளிய வராது. இங்க பன்னிகளைப் பட்டினி போடுறாங்களா?"

பின்னால் இருபது பன்றிகளும் கத்திக்கொண்டிருந்தன. அவர் குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"பட்டினி இல்ல சார்" என்றாள் குருவம்மாள். "பசி."

"என்னம்மா?"

"பசிக்கு சார். எந்நேரமும் பசிக்கு. சாப்பிடச் சாப்பிடப் பசிக்கு."

ஆய்வாளர் நிறைந்த தொட்டிகளைப் பார்த்தார். பக்கவாட்டில் புடைத்து நின்ற வயிறுகளைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"பசிச்சாத்தானம்மா நல்லாச் சாப்பிடும். ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்."

படிவத்தில் 'பட்டினி' என்ற சொல்லுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். குருவம்மாள் அந்தச் சொல்லை இரண்டு முறை படித்தாள். பொய்யாக அதில் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

அவர் போன பிறகு வாளியில் மாவைக் கரைத்துக்கொண்டு ஏழாவது கொட்டடிக்குப் போனாள். மொட்டைவாலியின் வயிறு தரையைத் தொட்டது. உள்ளே குட்டிகள் புரள்வது வெளியே தெரிந்தது. அது வாயைத் திறந்தது. அவள் ஊற்றினாள்.